மாஸ்டர் என்று எழுதிய விண்ணப்பம்

மகளின் விடுதி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் "மாஸ்டர்" என்று எழுதியது நான்தான். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறேன். முதலாளி பாயும் சாப்பிட வருகிறவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் பரோட்டா என்று சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

மகளுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்லூரி கிடைத்திருந்தது. எங்கள் வீடு கல்வராயன் மலைமேல். தினமும் இறங்கி ஏற முடியாது; நானே ஓட்டலில்தான் தங்குகிறேன். ஏழைப் பிள்ளைகளுக்கான அரசு விடுதியில் இடம் கிடைத்தால்தான் படிப்பு. ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "தந்தை ஆசிரியர். தகுதி இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் என் வேலையைச் சொல்லி முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நானும் மகளும் விடுதி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி அம்மா இன்னும் வரவில்லை. எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மகள் போனில் எதையோ தேடினாள்.

"யப்பா, இந்த மாஸ்டரு லத்தீன்லேர்ந்து வந்துதாம். மாகிஸ்தர்னு. மத்தவங்களுக்கு மேல இருக்கறவருன்னு அர்த்தம். இத்தாலில மாயெஸ்த்ரோ, ஜெர்மன்ல மைஸ்டர். போர்ச்சுகீஸ்காரன் மெஸ்த்ரேன்னு கொண்டாந்துதான் நம்ம மேஸ்திரி ஆச்சாம்."

"கொத்து மேஸ்திரியா? உங்க மாமன் மாதிரியா?"

"ஆமா. நீயும் மாமாவும் ஒண்ணுதான். இனிமே மாமா உன்ன கிண்டல் பண்ணட்டும், பாத்துக்கறேன்."

"வாத்தியாருன்னும் அர்த்தம் இருக்குதா?"

"இருக்குதே."

"அப்ப அவங்க எழுதனது தப்பு இல்ல."

"தப்பு இல்ல. அதாம்ப்பா வம்பே."

அதிகாரி அம்மா வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல்ல மாஸ்டருங்க?" என்றார்.

"சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுங்க."

"பஸ் ஸ்டாண்டுல ஸ்கூலா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. என் கைகள் தாமாக எழுந்து இல்லாத மாவை வீசின. ஒருமுறை வீசி, மடித்து, இன்னொருமுறையும் வீசினேன்.

"அட, பரோட்டா மாஸ்டரா! அத முழுசா எழுதறதுக்கு இன்னாங்க?"

"எடம் பத்தலைங்க."

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு வார்த்த எழுதலாம் போலக்கீதே."

மகள் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, மாஸ்டருக்கு முன்னால் பரோட்டா என்று தன் கையாலேயே எழுதினார். சிவப்பு வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கெழம பொண்ண கொண்டாந்து வுடுங்க."

வெளியே வந்தோம். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு விடுதிக்கு வாளி வாங்கப் போனோம். சிவப்பா நீலமா என்று மகள் கேட்டாள். எனக்கு இரண்டும் நல்லதாகத்தான் தெரிந்தன.