ஏழு தடவை கொழுந்து பறித்தேன்

என் மாமாவுக்கு வாய் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால், சித்தி கல்யாணத்தன்று நான் ஏழு தடவை கொழுந்து பறித்திருக்க வேண்டியதில்லை. மலையில் இல்லை, மேடையில். முதுகில் பொம்மைக் கூடையோடு, பாட்டுக்கு. இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்காவது கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே. அம்மாவின் தங்கைக்குக் கொட்டகலையில் மாப்பிள்ளை அமைந்தது. பஜாரில் கடை வைத்திருந்த குடும்பம். "லயத்துல பொண்ணு எடுக்குறோம்" என்று, தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லிக் காட்டியவர்கள். அதனால் விருந்தில் ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா ஒரு மாதமாகத் தூங்கவில்லை. காலையில் கோயிலில் தாலி, மதியம் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் சாப்பாடு. மாப்பிள்ளை பக்கம் ஒரு பஸ், எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர். அந்த அளவுக்குத்தான் அரிசி.

தோட்டத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் லயம் லயமாகப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, வெற்றிலைத் தட்டை நீட்டி, யார் வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையை மாமாவிடம் கொடுத்திருந்தார்கள். மாமா கங்காணி. ஊரையே ஏறி இறங்க வைப்பவருக்கு ஐம்பது வாசல் ஏறி இறங்க முழங்கால் வலித்ததாம். சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில் நின்று, எல்லாரையும் ஒரே மூச்சில் அழைத்துவிட்டார். "நாளைக்கு நம்ம வீட்டு விசேசம். ஒரு வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது. குடும்பத்தோட வந்துடணும்." கொழுந்து மண்டிக் கிடந்த மாதம் அது. அன்றைக்குப் பார்த்துத் தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசன் ஆட்களையும் எங்கள் பெரட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். கங்காணி வாயால் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? குளித்து, பட்டுக் கட்டி, பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

வடை கேட்க நான் மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அங்கே அப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார்.

"மச்சான், நீங்க எத்தன பேரக் கூப்டீங்க?"

"பேச்சுக்கு ஒரு வார்த்த சொன்னேன்," என்றார் மாமா.

"பேச்சுக்குத்தான் சொன்னீங்க. கீழ் டிவிசனே வந்து ஒக்காந்திருக்கு."

வெந்த சோறு பாதிப் பேருக்குத்தான் வரும். ஆளைப் பிரித்துப் பந்தியில் உட்கார வைக்க முடியாது. பந்தியை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் சோறு தீர்ந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. டவுனுக்கு ஆட்டோ அனுப்பி அரிசி வாங்கி வந்து இரண்டாவது அண்டாவை ஏற்றினார்கள். விறகு நனைந்திருந்தது. புகை வந்தது, நெருப்பு வரவில்லை. மாமா இங்கும் அங்கும் பார்த்தார். கடைசியில் அவர் கண்ணில் பட்டது நான்.

"பாப்பா, ஸ்கூல்ல ஆடுனியே, அத ஆடு. கூட்டத்த ஒரு பத்து நிமிசம் புடிச்சு வையி."

எனக்குத் தெரிந்தது ஒரே ஆட்டம். பாடசாலைக் கலைவிழாவுக்குச் சொல்லிக்கொடுத்த கொழுந்து பறிக்கும் நடனம். அதற்கான பொம்மைக் கூடைகூட மேடைக்குப் பின்னால் கிடந்தது. வாரம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டி வந்திருக்கும் பெண்களுக்குக் கொழுந்து பறித்துக் காட்டச் சொன்னார் என் மாமா. அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் தடவை கைதட்டினார்கள். இரண்டாவது தடவை சிரித்தார்கள். லயத்தில் எங்கள் காம்பரா அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்த அத்தை முன்வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "அடியே, இப்புடி ரெண்டு வெரலால பறிச்சா கண்டாக்கு அரைப்பேரு போட்டுருவாரு." மலையில் வேலையைக் கணக்கெடுக்கும் கண்டாக்கு அரைநாள் சம்பளம்தான் போடுவார் என்று அர்த்தம். மண்டபமே சிரித்தது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு வேகமாகப் பறித்தேன்.

மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் மாமா ஓரத்தில் நின்று விரலைச் சுழற்றுவார், இன்னொன்று என்று. பாட்டுப் பெட்டிக்காரன் என் முகத்தைப் பார்க்காமலே பட்டனை அழுத்துவான். ஐந்தாவதில் கூடையின் வார் அறுந்தது. ஆறாவதில் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். எனக்கும்தான் பசி. யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்த ஆளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. "விருந்துக்கு வந்தோமா, கலைவிழாவுக்கு வந்தோமா?" அவர்களுடைய பஸ் டிரைவர் வாசலில் வந்து நின்றார். "பனி மூடிருச்சுன்னா நான் எடுக்க மாட்டேங்க. இன்னும் அரை மணி நேரந்தான்." மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். அவர்கள் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டால் சித்தி அந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். மணமேடை நாற்காலியில் சித்தி தலையை நிமிர்த்தவே இல்லை.

ஏழாவது தடவை பாதி ஆட்டத்தில் நின்றேன். கூடையைக் கீழே போட்டேன். மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "சோறு எல்லாருக்கும் பத்தாதாம். ரெண்டாவது அண்டா வேகலையாம். அதுவரைக்கும் ஆடச் சொன்னாங்க. நான் ஆட மாட்டேன்."

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரன் அதையும் நிறுத்தினான். மாப்பிள்ளையின் அம்மா கையைப் பையிலிருந்து எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார்.

அப்போது அடுத்த வீட்டு அத்தை எழுந்தார். "இந்தப் புள்ளைக்கு ஆடி ஆடி மண்டக் கொழம்பிப் போச்சு," என்று சிரித்தார். "சம்பந்தி வீட்டுக்குப் பந்தியப் போடுங்கப்பா. எங்களுக்கு எதுக்குச் சோறு? நாங்கதான் வீட்ல சாப்டுட்டு வந்துட்டோமே. பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கத்தான வந்தோம்." பிறகு பின்னால் திரும்பினார். "ஏய், என்னா ஒக்காந்திருக்கீங்க? ஆசீர்வாதம் பண்ணிட்டு நடங்க."

பச்சைப் பொய். விடியற்காலையிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வெறும் தேத்தண்ணியைத் தவிர அவர் வாயில் எதுவும் போகவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "ஆமா, நாங்களும் சாப்டுட்டோம்." "வயிறு முட்டக் கெடக்கு." எங்கள் லயம், மேல் லயம், பிறகு கீழ் டிவிசன். அழுத பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி போனாள். பெரியவர்கள் இப்படி வரிசையாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் நான் அடி வாங்கியிருந்தேன்.

பாதி மண்டபம் காலியானது. பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமா பந்தியில் நடந்து நடந்து, "நல்லாச் சாப்டுங்க, கூச்சப்படாதீங்க," என்று உபசரித்தார். அந்த வாய்க்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை. வாசலில் நின்று, வெளியே போகும் ஒவ்வொருவரையும் கும்பிட்டார். எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தால்கூட "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லாமல் விடமாட்டார். நான் சொல்ல மறந்தால் தலையில் குட்டுவார். அன்றைக்கு அத்தனை பேர் பட்டுச்சேலையோடு அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவரிடமும் அதை அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அத்தை கிட்டே வந்தபோது கையைக் கும்பிட்டபடியே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பேச்சுக்காவது ஒரு தடவை சொல்லியிருக்கலாம், அம்மாவுக்குக் கொஞ்சம்கூட மரியாதை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் பந்தியில் போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.