போடி வெயிலில் குறித்த தேதி

சிமெண்டுத் தரை உலகம் முழுக்க ஐந்து நாளில் காய்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நாற்பத்தொன்பது வயதில், கட்டட வேலைகளுக்குத் திட்டம் போடுகிறவன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, இப்படி நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதை அட்டவணையிலும் எழுதி வைத்தேன். டென்மார்க்கில் ஒரு சின்னத் துறைமுக ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை, புதிதாகக் கட்டுவதற்காக, அந்த அட்டவணையை நம்பித்தான் இடிக்கப்பட்டது.

என் மேல் முழுத் தப்பும் இல்லை. போடிநாயக்கனூரில் தரை போட்டால் அது காயாதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடுமே என்றுதான் பயம். சாக்கை நனைத்துப் பரப்புவோம், பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துவோம். இங்கே தரையின் மேல் ரப்பர் விரிப்பு மாதிரி ஒன்றை ஒட்டுகிறார்கள். அடியில் ஈரம் இருந்தால் அது அப்பளம் போல எழும்பிக்கொள்ளும். ஆகவே தரை உள்ளுக்குள் காயும் வரை காத்திருப்பதும் அட்டவணையில் ஒரு வேலை. சும்மா இருப்பதற்கு எதற்கு இத்தனை நாள் என்று ஐந்தே நாள் ஒதுக்கினேன். தரைவேலை பார்க்கும் ஜென்ஸ் அதைப் படித்துவிட்டு, "தைரியமான தேதி" என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் பாராட்டவில்லை என்று புரிய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரமும் தூறல். ஜென்ஸ் தினமும் காலையில் ஈரம் பார்க்கும் கருவியைத் தரையில் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், போய்விடுவார். இல்லத்தில் இருந்த அறுபது பேருக்கும் பக்கத்து ஊரிலிருந்து வேனில் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாடு மாதக் கடைசி வரைதான். ஒன்றாம் தேதி சமையலறை திறக்காவிட்டால் அன்றைக்கு அறுபது பேருக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. கேள்வியே யாருக்கும் தெரியாதபோது பதில் எப்படி இருக்கும்? தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவரவர் வேலைக்கு ஒரு நிறம் சொல்ல வேண்டும். நல்லபடி போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. மற்றவர்கள் காபியை உறிஞ்சிக்கொண்டே, பஸ்சு வர லேட்டாகும் என்பதுபோலச் "சிவப்பு" என்கிறார்கள். எனக்கோ மூன்று மாதச் சோதனைக் காலம். சிவப்பு என்று சொன்ன அன்றே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். என் மனைவி இங்கே செவிலியர், அவள் பின்னால் வந்தவன் நான். அவள் வேலைக்குப் போக, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடற்பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி அடிக்கடி கண்ணில் ஓடும். அதனால் பச்சை என்றேன். அடுத்த வாரமும் பச்சை. மூன்றாவது வாரம் சொல்லும்போது குரல் மட்டும் மஞ்சளாக இருந்தது. எங்கள் அதிகாரி, மெட்டே என்கிற அம்மாள், என்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அந்த மூன்றாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்ததை என் மனைவியிடம் இதுவரை முழுதாகச் சொல்லவில்லை. அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டுபோய், சமையலறையில் மண்டி போட்டு, தரைக்குத் தலை உலர்த்திவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலை. அளவெடுக்க வந்த ஜென்ஸ் கதவருகே நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

எப்போது காயும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

"மூன்று வாரமாக நாளைக்கு என்கிறாய். அது எந்தக் கிழமை?"

அவர் அளந்து, எழுதிக்கொண்டு, போய்விட்டார். கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பவுன்ராசு ஞாபகம் வந்தான்.

பவுன்ராசு போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன், என் வயதுதான். கட்டட வேலைக்கு வருமுன், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த எட்டு வருசமும், பறித்த பச்சைக்காயை விறகுச் சூட்டில் காயவைக்கும் ஸ்டோர் அவன் பொறுப்பு. முதலாளி கீழே போடியில் இருப்பார். அங்கே அடிக்கிற வெயிலைப் பார்த்துவிட்டுப் போன் போடுவார், புதன்கிழமை ஏலத்துக்குச் சரக்கு வந்துவிடுமா என்று. நான் வந்துவிடும் என்பேன். எனக்கு எப்போதும் அதுதான் பதில். பவுன்ராசு புதனிலிருந்து பின்னோக்கி எண்ணுவான். சலித்து மூட்டை கட்ட ஒரு நாள், அடுப்புக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும், மலையில் மழை என்றால் விறகு ஈரம், அதற்கு இன்னும் அரை நாள். தேதியை ஒற்றையாகச் சொல்லவே மாட்டான். மழை இல்லாவிட்டால் இது, பெய்தால் அது. ஸ்டோரில் காய் பரப்பும் தட்டுகள் நிறைந்துவிட்டால் காலையிலேயே காட்டுக்கு வந்து, இன்றைக்குப் பறிப்பைப் பாதியில் நிறுத்து என்று என்னோடு சண்டை பிடிப்பான். சூட்டை ஏற்றினால் சீக்கிரம் முடியுமே என்று ஒருநாள் கேட்டேன். "ஏத்தலாம் மாப்ளே. காய் வெடிச்சு வெளுத்துப்போகும். நீயே வாரிட்டுப் போயி ஏலத்துல நில்லு" என்றான். அந்த ஸ்டோரின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் சூடும் மணமும், வெளியே வந்தால் சட்டைக்குள் புகுந்துகொள்ளும் பனியும் இன்றைக்கும் உடம்பில் இருக்கின்றன. அந்த மலையில் என் வேட்டி காய மூன்று நாள் ஆகும். எட்டு வருசம் ஈர வேட்டி கட்டியவன்தான் ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறேன்.

வாளியில் உட்கார்ந்தபடியே அவனைக் கூப்பிட்டேன். இன்னமும் அதே ஸ்டோரில்தான் இருக்கிறான். ஹேர் டிரையரை மட்டும் மறைத்து, மற்றதெல்லாம் சொன்னேன்.

"அங்க வெயிலடிக்குதா?"

"தூறலுடா மச்சான். மூணு வாரமா."

"பெறகு என்னத்துக்கு மாப்ளே போடி வெயில வச்சு நாள் குறிச்ச? சரி, அந்தம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா சோலி போயிருமேடா."

"ஒஞ் சோலி கெடக்கட்டும். ஒண்ணாந்தேதி அந்த அறுபது பேரும் என்னத்தத் திம்பாக? இன்னைக்குச் சொன்னாத்தான அவுக வேற வழி பாப்பாக? அன்னைக்குப் போயிச் சொன்னா சோறா வரும்?"

ஸ்டோரில் லோடு வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான். எனக்கு ஆறுதல் சொல்ல அவனுக்கு ஒருபோதும் நேரம் இருந்ததில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு முன் ஜென்ஸிடம் போய், அவர் எழுதி வைத்திருந்த எண்களை வாங்கினேன். நாளுக்கு எவ்வளவு ஈரம் இறங்குகிறது, இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று இருவருமாக எண்ணிப் பார்த்தோம். என் முறை வந்ததும் சிவப்பு என்றேன். வெயில் வந்தால் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி திறக்கலாம், வராவிட்டால் இருபது; இவ்வளவு நாளும் நான் சொன்ன பச்சை பொய் என்றும் சொன்னேன். மெட்டே இருபது என்று எழுதிக்கொண்டார். அங்கேயே வேன்காரருக்குப் போன் போட்டு ஏற்பாட்டை நீட்டித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்கலாம்" என்றார். அடுத்தவர் சிவப்பு என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று வாரம் நான் உருகியதற்கு மரியாதையாக யாராவது மேசையில் ஒரு தட்டாவது தட்டியிருக்கலாம்.

சமையலறை பத்தொன்பதாம் தேதி திறந்தது. அன்று காலை கைபேசியில் வானிலை பார்த்தேன். அதில் முதல் ஊராக இன்னும் போடிதான் இருக்கிறது, மாற்ற மனசில்லை. நல்ல வெயில் என்றது. குடையில்லாமல் கிளம்பி, தெப்பமாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். என் வேலை போகவில்லை. அறுபது பேரும் உருளைக்கிழங்கும் மீனும் சுடச்சுடச் சாப்பிட்டார்கள்.