செவ்வாயின் கடைமடை

என் வேதப்புத்தகத்துக்குள் ஒரு கார்பன் நகல் இருக்கிறது. மூன்று தாள் வைத்து டைப் அடித்தால் மூன்றாவதில் எழுத்து மங்கி, ஊறிப்போய் விழும். அந்த மூன்றாவது தாள். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மனுதாரர் தமிழர், தம் கிராமம் சென்னை ராஜ்யத்தில் சேர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறார். மேலே ஒரு எண். பெயர்கூட இல்லை. அதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய், என் பொய். அறுபது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு தவறாமல் அந்தப் புத்தகத்தை ஆராதனைக்கு எடுத்துக்கொண்டு போய்வருகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் அது ஏதோ ஜெபக் குறிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று எல்லை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சித்தூர் மிஷன் பள்ளியில் படித்து, டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்தவள். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் வரும் என்பதால் நகரிக்குப் பக்கத்தில் நடந்த விசாரணை முகாமுக்கு என்னைப் போட்டார்கள். விசாரித்த அதிகாரி வடக்கிலிருந்து வந்தவர், நம் பாஷை இரண்டும் தெரியாது. ஜனங்கள் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்லி, அதையே டைப் அடித்து அவர் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். முகாமில் நான் ஒருத்திதான் பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இஸ்திரி போட்ட புடவையும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக, ராஜ்யங்களை நானே பிரித்துக் கொடுப்பதுபோல உட்கார்ந்திருப்பேன்.

அவரை எல்லோரும் மதகுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். ஏரி மதகைத் திறந்து மூடி, கழனிகளுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுவது பரம்பரையாக அவர் வீட்டு வேலை. ஏரி இருந்தது பக்கத்து ஊரில், அந்தத் தண்ணீரில் விளைந்த கழனியெல்லாம் இவர் ஊரில். ஊரார் சேர்ந்து இவரைப் பேச அனுப்பியிருந்தார்கள். தன் முறை வருவதற்காக மூன்று நாள் புளியமரத்தடியில் காத்துக் கிடந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எட்டவே நின்று ஒரு காகிதத்தை நீட்டினார். வேர்க்கடலை கட்டிவந்த செய்தித்தாள். எண்ணெய்க் கறையைக் கையால் நீவி நீவித் துடைத்திருந்தார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"எம்மா, இது எந்த ஊரு ஏரிப் படம்? கால்வா இவ்ளோ நீளமா வெட்டிகிறான்!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது செவ்வாய்க் கிரகத்தின் படம். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு வெகு பக்கத்தில் வந்திருந்தது. பத்திரிகைகளில் அதே பேச்சு. "ஊரு இல்லண்ணா, வானத்துல இருக்கிற கிரகம்" என்றேன். "ராவுல கெழக்கால செவப்பா எரியுதே, அதுவா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் கிட்டே வந்து குந்தினார். நான் படித்துக் காட்டினேன். அந்தக் கிரகம் வறண்டுகொண்டே வருகிறதாம். துருவத்தில் பனிக்கட்டி இருக்கிறதாம். அதை உருக்கிக் கொண்டுவர அங்கே உள்ளவர்கள் வெட்டிய கால்வாய்கள்தான் இந்தக் கோடுகள் என்று சிலர் சொல்கிறார்களாம், இல்லவே இல்லை என்று சிலர் மறுக்கிறார்களாம். ஒருநாள் மனிதன் கப்பல் கட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவானாம்.

வேறு யாராக இருந்தாலும் அங்கே உள்ளவர்களுக்குக் கண் எத்தனை, கொம்பு உண்டா என்று கேட்டிருப்பார்கள். இவர் கேட்டது, "மதகு எங்க கீது?" அது போடவில்லை என்றேன். "தொறக்கிறது யாரு?" அதுவும் போடவில்லை. படத்தின் நடுவில், கோடுகள் போய் முடிகிற இடத்தில் விரலை வைத்தார். "கடமடையில இருக்கிறவனுக்குப் போய்ச் சேருதா, அதனா போட்டுகிறானா?" எனக்குக் கடைமடை என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. ஏரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கழனி என்று அவர்தான் விளக்கினார். வருஷா வருஷம் முதல் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு ஊரே மதகடியில் சூடம் கொளுத்தி நிற்குமாம். இவர் மட்டும் திறந்துவிட்ட கையோடு கடைசிக் கழனிக்கு நடந்துபோய் வரப்பில் உட்கார்ந்துகொள்வாராம். தண்ணீர் வந்து காலை நனைக்கிறவரைக்கும் சோறு துன்னமாட்டாராம். "அங்க போறவன் இருக்கான் பாரு, அவனையும் மொதல்ல கடமடையில போயி நிக்கச் சொல்லும்மா. மதகுகிட்ட நின்னுக்கினு பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். நான் மறுபடியும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் முறை வந்தது. அன்றைக்கு அவர்தான் கடைசி ஆள். அதிகாரி வெயிலில் களைத்துப்போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதகுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"தொரை, எங்கள எந்த ராஜ்யத்துல போட்டாலும் போடுங்கோ, ரெண்டு பாசையும் எங்களுக்கு வரும். ஏரியும் கழனியும் மட்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். மேல செவ்வா கெரகத்துலகூட கோடு போட்டுகிறானாம், இந்தம்மாதான் படிச்சாங்கோ. அவன் தண்ணி போற வழியப் பாத்துக் கோடு போட்டான். நீங்களும் அப்டியே போடுங்கோ."

செவ்வாய் என்றதுமே பின்னால் இருந்த குமாஸ்தாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'இந்தம்மாதான்' என்று அவர் கையை என் பக்கம் காட்டியதும் ஒருவன் வெளிப்படையாகவே சிரித்துவிட்டான். எனக்கு முகமெல்லாம் காந்தியது. மரத்தடியில் மனுதாரரோடு உட்கார்ந்து கதை படித்தவள் என்று நாளைக்குச் சித்தூர் வரைக்கும் பேசுவார்களே என்று பயம். இந்த ஆளோடா சமமாக உட்கார்ந்தோம் என்று வெட்கம். இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அதுவரை வந்த தமிழர் எல்லாரும் சொன்ன வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் டைப் அடித்தேன்.

எங்கள் சபையில் எல்லாரும் தமிழ்ப் பக்கம் போக ஆசைப்பட்ட காலம் அது, அதனால்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிஜமில்லை. பாஷைமேல் பற்றினால் நான் அதைச் செய்யவில்லை. நாலு குமாஸ்தாக்கள் சிரித்ததற்காகச் செய்தேன்.

எல்லை முடிவானபோது அவர் ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. ஏரி இருந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நான் அடித்த ஒரு வரியால் அப்படி ஆகியிருக்காது என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் ஏரியைப் பற்றி அந்த ஊர் ஒரு பேச்சும் பேசவில்லை என்றுதான் ஃபைலில் இருந்தது, அப்படி ஆக்கியது நான்.

அடுத்த வருஷம் மதகுக்காரர் என்னைத் தேடிச் சித்தூருக்கு வந்தார். மதகுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம், இவர் தொடக்கூடாதாம். கையில் ஒரு பை வேர்க்கடலை. வீட்டு வாசலில் நின்றபடியே, "ஏரியப் பத்தி நான் சொன்னது மேல போயி சேரலபோல. நீ சரியாத்தான் எழுதியிருப்ப, போற வழியில காயிதம் எங்கியோ தவறிப்பூடுச்சி. நீ மனசுல வெச்சிக்காதம்மா" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லவா அவ்வளவு தூரம் வந்தார்? நடந்ததை அப்போதே நான் சொல்லியிருக்கலாம். நகல் உள்ளே அலமாரியில்தான் இருந்தது. உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். கடலையை வாங்கிக்கொண்டேன். இந்த வருஷம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "மதகு தொறந்த அன்னிக்குப் போயி கடமடையில குந்தினேன். பொழுது சாஞ்சிடுச்சி, கால் நனையல" என்றார். போகிறபோது திரும்பி நின்று, "செவ்வாய்க்கு யாருனா போனாங்களா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

போன வாரம் டி.வி.யில் செவ்வாயைப் பற்றிச் சொன்னார்கள். கால்வாய் என்று ஒன்று அங்கே எப்போதுமே இருந்ததில்லையாம், தூரத்திலிருந்து பார்த்த கண்கள் தாமாகச் சேர்த்துப் போட்ட கோடுகளாம். ஆனால் பனிக்கட்டி உண்டு, துருவத்தில் மட்டுமில்லை, மண்ணுக்கு அடியிலும். மனிதர்கள் போய் இறங்கி, அதைத் தோண்டி உருக்கிக் குடித்து, பயிர்கூட வைப்பார்களாம். எத்தனை பேர் போகலாம், எத்தனை மாதம் ஆகும் என்று எல்லாம் விவரமாகச் சொன்னார்கள். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுவது யார், கடைசியில் இருப்பவருக்குப் போய்ச் சேருமா என்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் பயந்துபோய் டி.வி.யை அணைத்தாள்.

நான் எழுந்துபோய் வேதப்புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மதகுக்காரர் அன்றைக்குச் சொன்னதை, தொரை என்று தொடங்கி அப்படியே போடுங்கோ என்பது வரைக்கும், அவர் பேச்சிலேயே பேனாவால் எழுதினேன். என் கை இப்போது நடுங்கும், ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுத முடியும். அப்படியும் ஐந்து நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை.