அல்வால் கிணற்றுத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், சனத்நகருக்கு அப்பால் இருந்த ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அணுக்கழிவைப் புதைக்கும் குழிகளைச் சுற்றிக் களிமண் போடுவார்கள். கழிவிலிருந்து கசியும் கதிரியக்க உலோக அயனிகளை அந்தக் களிமண் எவ்வளவு பிடித்து வைக்கும், எவ்வளவை நிலத்தடி நீரோடு போகவிடும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் களிமண்ணும் மணலும் அடைத்து, மேலே கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம் கரைசல் கொஞ்சம் விட்டு, நாள்கணக்கில் தண்ணீர் சொட்டவிடுவேன். கீழே சேர்வதில் கதிரியக்கம் இருக்கிறதா என்று அளப்பேன்.

இரண்டு வருடம் அளந்ததை என் மேலதிகாரி தன் பெயரில் கட்டுரையாக வெளியிட்டார். கடைசி வரியில், என் பெயரில்லாமல், ‘ஆய்வக உதவிக்கு நன்றி.’ அச்சுப் பிரதியோடு அவர் அறைக்குப் போனேன்.

“பேர்ல என்னம்மா இருக்கு? வேலை நாட்டுக்குத்தானே!” என்றார், தலை நிமிராமல்.

அன்றே தீர்மானித்தேன், இந்த ஆளை விடுவதில்லை என்று.

அவருடைய கட்டுரையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியும். எல்லாச் சோதனையும் காய்ச்சி வடித்த நீரில் செய்தது. கிணற்று நீரிலும் செய்து பார்க்கலாம் என்று முன்பே கேட்டிருந்தேன், வேண்டாம் என்றுவிட்டார். அல்வாலில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அப்படியொரு உப்பு. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதை இரண்டு கேன்களில் பஸ் ஏற்றிக் கொண்டுபோனேன். வாசலில் காவலாளி மறித்தார்.

“எதுக்கு மேடம் இவ்வளவு தண்ணி?”

“உங்க சாருக்குத்தான்” என்றேன்.

வடிநீரில் வாரக்கணக்கில் அசையாத ஸ்ட்ரான்ஷியம் கிணற்று நீரில் நான்கே நாளில் கீழே வந்துவிட்டது. நீரிலிருந்த கால்சியம் களிமண்ணில் இடம் பிடித்து அதைத் தள்ளிவிட்டிருந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். பிறகு முடிவுகளைக் குறித்த வரைபடத்தை மேசை இழுப்பறையில் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, குழிகளுக்கான திட்டத்தைப் பரிசீலிக்க வெளியூர் நிபுணர் குழு வந்தது. “இந்தக் களிமண் ஸ்ட்ரான்ஷியத்தை நகரவே விடாது” என்று என் மேலதிகாரி பெருமையாகப் பேசி முடித்தார். நான் எழுந்தேன்.

“எந்தத் தண்ணில சார் பாத்தது?”

அவர் முகம் மாறியது. “டிஸ்டில்டு வாட்டர். உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். நான்தானே செஞ்சேன். பூமிக்கடியில ஓடறதும் டிஸ்டில்டு வாட்டரா சார்?”

வரைபடத்தைக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் உட்காராமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதத்தில் அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றினார்கள். போகும்போது என் மேசை முன் நின்றார்.

“முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கலாம் சார்.”

அந்த ஆறு மாதமும் குழிகளுக்கான திட்டம் தவறான கணக்கை நம்பியே வளர்ந்திருக்கிறது. நல்லவேளை, ஒரு குழிகூட வெட்டப்படவில்லை. வெட்டியிருந்தால் அந்தப் பழி என் தலையிலும் விழுந்திருக்கும். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அவருக்காக மட்டும் ஒரு நாளும் வருந்தியதில்லை. அவருடைய பிரிவுபசார விழாவுக்கு எல்லோரும் போனார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்து புதுக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் முதல் பெயர் என்னுடையது.