சொந்த வாசலில் மஞ்சள் நோட்டீஸ்

அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், எங்கோ ஒரு சுத்தியல் நின்றுவிடும். "மஞ்ச நோட்டீஸ் வருது!" என்று கொத்தனார்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டோடு சரி. பழைய வீடுகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

நகரத்தின் பாரம்பரியக் கட்டட ஆணையத்தில் அவள் கள ஆய்வாளர். பாதுகாக்கப்பட்ட வீட்டின் தெருப்பக்க முகப்பில் எதை இடிக்கவும் மாற்றவும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கை வைத்தால் கதவில் மஞ்சள் நோட்டீஸ். வேலை அப்படியே நிற்கும். மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினியம் வைக்கப் பார்த்தவர்கள், தூணை உடைத்துக் கார் நிறுத்தப் பார்த்தவர்கள், எல்லோரும் அவளைத் திட்டியிருக்கிறார்கள். திட்டு வாங்கிக்கொண்டே பசை தடவுவாள்.

"எங்க வீட்டுல காலண்டர் மாட்டணும்னாலும் நான் மனு குடுத்துட்டுத்தான் ஆணி அடிக்கணும்," என்பார் பேருந்து ஓட்டுநரான அவள் கணவர்.

"போன மனுவே இன்னும் பரிசீலனையில இருக்கு," என்பாள் இவள், சிரிக்காமல்.

அந்தக் கேலியெல்லாம் ஒரு நாள் காலையோடு போயிற்று. புகார் வந்த முகவரியை அவள் இரண்டு முறை படித்தாள். அது அவள் பிறந்த வீடு!

போய் நின்றாள். அண்ணன் வாசலின் பூவேலைக் கருங்கல் படிகளை உடைக்கத் தொடங்கியிருந்தார். விபத்தில் கால்கள் செயலிழந்த அண்ணி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சக்கர நாற்காலியில் இருந்தார். தெருவை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. படிகளை எடுத்துவிட்டு சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டால் நாற்காலி தெருவில் இறங்கும். அண்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள். "படிய உடைக்காமலே வராந்தா ஓரத்துலேருந்து சாய்தளம் இறக்கலாம். மனு குடுங்க."

"ஓரமாவா? இந்தப் படியேறி மருமகளா வந்தவ அவ. வேண்டாதவ மாதிரி ஓரமா எறங்கணுமா? தங்கச்சி வந்திருக்கான்னு பாத்தேன். அதிகாரியில்ல வந்திருக்கே!"

"இன்னிக்கு உங்களை விட்டுட்டா, நாளைக்கு எதிர்வீட்டுக்காரர் முன்னாடி எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

"ஒட்டு! நல்லா பசை தடவி ஒட்டு! உன் அண்ணி உள்ளேயே கெடக்கட்டும்!"

"அவ வேலைய அவ பாக்குறா," என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "நீங்க எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?"

ஒட்டினாள். சிறுமியாக அவள் எட்டிப் பிடித்துத் தொங்கிய கதவு அது. பசையோடு கண்ணீரும் கலந்ததை அவள் மட்டுமே அறிவாள். அலுவலகம் திரும்பியதும் ஆணையத் தலைவரிடம் போனாள். "இது என் அண்ணன் வீடு. இனிமே இந்தக் கோப்பை நான் தொடக் கூடாது," என்று விதிப்படி ஒதுங்கிக்கொண்டாள். அண்ணன் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். மனு மட்டும் கொடுத்தார், அதுவும் நேர் வாசலிலேதான் வேண்டும் என்று.

ஆணையத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டப்போவதை முதலில் ப்ளைவுட்டிலும் துணியிலும் முழு அளவில் செய்து, அதே இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்து அங்கேயே முடிவு சொல்வார்கள். பார்வைக்கு வைப்பதுதானே? மற்றவர்கள் செய்து வைப்பது பூனை ஏறினாலே ஆடும். ஆனால் வீம்புக்கார அண்ணன் தச்சரிடம் அசல் போலவே செய்யச் சொல்லிவிட்டார். படிகளை மூடிக்கொண்டு கனத்த பலகைகள் சரிந்து நின்றன.

உறுப்பினர்கள் வந்தார்கள். அவள் தெருமுனையிலேயே நின்றுகொண்டாள்.

பேராசிரியரான ஓர் உறுப்பினர் உதட்டைப் பிதுக்கினார். "படியும் பூவேலைக் கல்லும் மொத்தமா மறைஞ்சிடுதே. இதுக்கு எப்படி அனுமதி குடுக்கிறது?"

அண்ணனின் முகம் கறுத்தது. அப்போதுதான் முன்கதவு திறந்தது. அண்ணி! சக்கரங்களைத் தன் கையாலேயே பிடித்துப் பிடித்து விட்டபடி பலகையில் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அது வெறும் மாதிரி! அதுல ஏறக் கூடாது!" தலைவர் பதறினார்.

"ஏறலையே, எறங்கத்தானே செய்றேன்!"

பலகை முனகியது, ஆனால் தாங்கியது. தெருவைக் கடந்து உறுப்பினர்கள் நடுவே வந்து, நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, அண்ணி தன் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை காலம் ஆகிவிட்டது! வெயில் பட்ட தூண்கள், பச்சை ஜன்னல்கள், தான் இத்தனை நாள் முகம் பதித்திருந்த அந்தக் கண்ணாடி. அண்ணியின் கண்கள் பொங்கின.

"ஐயா சொல்றது சரிதான்," என்றார். அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். "என் வாசல்ல என் படியக் காணோமே! இதை எடுத்து வராந்தா ஓரமா போடுங்க."

"உனக்கு அது ஒரு குறையா இருக்காதா?" அண்ணன் நாற்காலியருகே குனிந்தார்.

"முன்கதவு வழியாத்தானே வரப்போறேன்? அப்புறம் நேரா எறங்கினா என்ன, ஓரமா எறங்கினா என்ன? திரும்பி வரும்போது என் வீடு எனக்கு முழுசா தெரியணும். அவ்வளவுதான்."

உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். அண்ணி தெருமுனையைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார். "அங்க என்னடி செலை மாதிரி நிக்கிற? வந்து தள்ளேன்!"

ஓடிவரத் துடித்தன அவள் கால்கள். ஆனாலும் 'பொறுங்க' என்று கையை மட்டும் உயர்த்தினாள். முடிவு வரும்வரை ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"வராந்தா ஓரமாகச் சாய்தளம் போடலாம். உடைத்த கல்லை அதே இடத்தில் பதிக்க வேண்டும்," என்று தலைவர் அறிவித்த பிறகுதான் ஓடிவந்தாள். அண்ணியின் தோளில் முகம் புதைத்தாள்.

அண்ணன் நோட்டீஸைக் கிழிக்கக் கதவுவரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பினார். "ஒட்டின கையே பிரிக்கட்டும்," என்றார். அவளிடம் அவர் மறுபடி பேசிய முதல் வார்த்தை அது.

எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், கூடப் பிறந்தவளே உங்க கதவுல ஒட்டிட்டாளே!" என்று இளித்தார்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமா சார், என் தங்கச்சிதான் ஒட்டினா. என் வீட்டையே விடல. உங்க வீட்டை விட்டுடுவாளா?"