டெல்பர்ட் ஹ்ருஷ்காவின் வலது கட்டைவிரல்

“இவரு உங்க டீமுக்கு என்ன வேணும்?” என்று நுழைவாயிலில் அடையாள அட்டை எழுதும் பெண் என்னிடம் கேட்டபோது, டெல்பர்ட் ஹ்ருஷ்கா என் பக்கத்தில் கண்களை மூடி நின்று, வலது கட்டைவிரலால் காற்றை அழுத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை அழுத்துவார், விரலைப் பார்ப்பார், தலையாட்டுவார், மறுபடி அழுத்துவார்.

அந்தப் பெண்ணிடம் இருந்த படிவத்தில் பயிற்சியாளர், பெற்றோர், முதலுதவி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான் மூன்றையும் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். அவள் பொறுமையிழந்து ‘மற்றவை’ என்று எழுதி அட்டையை நீட்டினாள். டெல்பர்ட் அதை இடது கையால் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “நல்ல பேருதான்” என்றார்.

டெக்சாஸில் எங்கள் ஊரான மொராவெக்கில் அவர் ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. எதைச் செய்தாலும் எண்ணித்தான் செய்வார். “அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு” என்று சொல்லி முடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். நிறுத்தத்தில் கதவைத் திறக்க எட்டு. காபியில் பால் ஊற்ற எட்டு. சிவப்பு விளக்கு பச்சையானாலும் எண்ணிக்கை முடியாமல் பேருந்து நகராது. பின்னால் எத்தனை வண்டிகள் ஹாரன் அடித்தாலும் ஆறு அவசரமாக ஏழாகிவிடாது. “அந்த மனுஷன் தும்முறதைக்கூட எண்ணித்தான் தும்முவாரு” என்று அவர் மனைவி லாடோனா சொல்வார். நான் பார்த்திருக்கிறேன். எட்டுக்கு முன்னால் வந்துவிட்ட தும்மலுக்கு அவர் மன்னிப்புக் கேட்பார்.

இந்தப் பழக்கம் எங்களால் வந்தது. பாட்டுக்கு ஆடி, கரணம் போட்டு, ஒருவரையொருவர் தூக்கி நிறுத்தும் எங்கள் பள்ளி சியர்லீடிங் அணிக்குப் பாட்டைப் போடுகிறவர் அவர்தான். எங்கள் ஆட்டத்தில் எல்லா அசைவும் எட்டு எண்ணிக்கையில்தான் நடக்கும்.

போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டரை நிமிடப் பாட்டு உண்டு. பெண்கள் பதினாறு பேரும் மெத்தைமேல் போய் நிற்போம். பயிற்சியாளர் டிரெஹோ மேடம் எங்களுக்கு எதிரே நிற்பார். ஒலிமேசையில் அணியைச் சேர்ந்த ஒரு பெரியவர், கைபேசியில் பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு தலைவியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் முகவாயை இறக்கியதும் ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேலை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அதை டிரெஹோ மேடமே செய்திருக்கிறார். கை நடுங்கி இரண்டு முறை அழுத்திவிட்டார். பாட்டு தொடங்கி, உடனே நின்றது. வெளியே பேருந்தைத் துடைத்துக்கொண்டிருந்த டெல்பர்ட்டை அடுத்த நாளே கூட்டிவந்து மேசையில் நிறுத்திவிட்டார்கள். இந்த வருடத் தலைவி நான். பெயர் மார்லீன். அணியில் தூக்குகிறவள், பறக்கிறவள் அல்ல. என் முகவாயை டெல்பர்ட் பார்த்த அளவுக்கு என் அம்மாகூடப் பார்த்ததில்லை.

“பாப்பா, நேத்து நீ சீக்கிரமா இறக்கிட்ட” என்பார்.

“எப்போ?”

“மத்தியானம் சாப்பிடும்போது. சூப்பைக் குனிஞ்சு பாத்த. என் விரலு தானா அழுத்திருச்சு.”

தேசியப் போட்டி ஒவ்வொரு வசந்தத்திலும் ஃபுளோரிடாவின் கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கிறது. அரங்கத்திலிருந்து தெருவைத் தாண்டினால் கடல். வென்ற அணி கோப்பையோடு, சீருடையோடு, தலையில் கட்டிய பெரிய ரிப்பனோடு ஓடிப்போய்த் தண்ணீரில் விழ வேண்டும். அதுதான் வழக்கம். தோற்றவர்களும் கடலில் குளிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் டெல்பர்ட் தன்னைத் தடுத்து வைத்திருந்தார். பதினோரு வருடங்களாக இரண்டு நாள் வண்டி ஓட்டி அந்தக் கடற்கரைக்கு வருகிறார். கடலில் கால் வைத்ததில்லை. பேருந்தின் முதுகைக் கடலுக்குக் காட்டி நிறுத்துவார். மற்ற ஓட்டுநர்கள் அரைக்கால்சட்டையோடு நனைந்து வந்து, “என்ன டெல்பர்ட், தண்ணி கடிச்சிருமா?” என்று கிண்டல் செய்வார்கள். “அது ஜெயிச்சவங்க தண்ணிப்பா” என்று சொல்லிவிட்டு டயரை உதைத்துப் பார்ப்பார்.

நாங்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. எங்கள் தூக்கல்கள் நன்றாக இருக்கும், குட்டிக்கரணங்கள் சுத்தமாக இருக்கும். ஆனால் நடுவர்கள் தரும் தாளில் எல்லா வருடமும் ஒரே குறிப்பு: ‘சிரிப்பு ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது.’ அதற்கென்று டிரெஹோ மேடம் கண்ணாடி முன்னால் தனியாகப் பயிற்சி கொடுத்தார். பயிற்சிக்குப் பிறகு பசை இன்னும் கெட்டியானதுதான் மிச்சம். இந்த வருடம் எங்களில் ஒன்பது பேருக்குப் பள்ளி முடிகிறது. இனி எங்களுக்கு அடுத்த வருடம் கிடையாது.

இரண்டு நாள் போட்டியின் முதல் நாள் காலை லாடோனா கொடுத்தனுப்பிய கொலாச்சிப் பெட்டியைத் திறந்தோம். நடுவில் குழி வைத்து, பிளம் ஜாம் நிரப்பிய பன். டெல்பர்ட் ஒன்று சாப்பிட்டார். அரங்கத்துக்குள் நுழையும்போது சட்டைப் பையில் இருந்த இன்னொன்றையும் சாப்பிட்டார். பிறகு ஒலிமேசைக்குப் போனார்.

மெத்தையில் எங்கள் தொடக்க நிலை கடினமானது. அணியிலேயே சின்னவளான சியோமாரா நடுவில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலைப் பின்பக்கமாகத் தூக்கித் தலைக்குமேல் பிடித்திருப்பாள். மற்றவர்கள் சுற்றிலும் கை விரித்துச் சிரித்திருப்போம். நான் முகவாயை இறக்கினேன்.

எதுவும் நடக்கவில்லை.

டெல்பர்ட் அழுத்துவது தெரிந்தது. மறுபடி அழுத்தினார். விரலைப் பார்த்தார். விரலில் ஜாம். அதை நக்கினார். ஈர விரலால் அழுத்தினார். கைபேசி அவரைக் கண்டுகொள்ளவேயில்லை. விரலைக் கால்சட்டையில் துடைத்தார். அங்கேயும் ஜாம் இருந்தது. நாங்கள் பல்லைக் காட்டியபடி நின்றோம். “மார்லீன், என் கால் கழண்டுரும்டி” என்று சியோமாரா உதடு அசையாமல் சொன்னாள். கூட்டத்தில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்து அழத் தொடங்கியது. பதினோராவது விநாடியில் டெல்பர்ட் குனிந்து மூக்கால் அழுத்தினார்.

பாட்டு வந்தது. மரத்துப்போன காலோடு சியோமாரா முதல் தாவலில் தடுமாறினாள். நாங்கள் நான்காவது இடத்துக்குப் போனோம். முதல் நாள் மதிப்பெண்ணும் மறுநாள் மதிப்பெண்ணும் சேர்த்துத்தான் முடிவு. ஆகவே மறுநாள் எந்தத் தவறும் நடக்கக்கூடாது.

சாயங்காலம் விடுதியின் வண்டி நிறுத்தத்தில் டெல்பர்ட் எங்களை வரிசையாக நிற்கவைத்துத் தொப்பியைக் கழற்றினார். உச்சந்தலை மட்டும் வெள்ளையாக இருந்தது.

“கண்ணுங்களா, நீங்க வருஷம் பூரா விழுந்து எழுந்திருச்சீங்க. எனக்கு இருந்தது ஒரே ஒரு விரல் வேலை. அதைக் கெடுத்துட்டேன். நாளைக்கு வேற யாராவது அழுத்தட்டும்.”

“யாரு அழுத்துவா?” என்றேன்.

டிரெஹோ மேடம் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நாளைய போட்டியை நினைத்தே அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

“நீங்களே இருங்க, மிஸ்டர் டெல்பர்ட்” என்றாள் சியோமாரா. “விரலு வேலை செய்யலன்னா மூக்கு இருக்கு. இன்னிக்கு நம்ம டீம்லயே ஒழுங்கா வேலை செஞ்சது உங்க மூக்குதான்.”

அவர் சிரிக்கவில்லை. வலது கட்டைவிரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, நீண்ட நாள் நண்பனைச் சந்தேகப்படுகிறவர்போலப் பார்த்தார்.

மறுநாள் காலை அந்த விரலுக்கு நடந்த மரியாதை எங்கள் ஊர் மேயருக்குக்கூட நடந்ததில்லை. சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினோம். முடி உலர்த்தும் கருவியால் காயவைத்தோம். சியோமாரா தன் காதணிகள் வைத்திருந்த சிவப்பு வெல்வெட் பையைக் காலி செய்து, அதை விரலில் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினாள். அதன் பிறகு டெல்பர்ட் எல்லாவற்றையும் இடது கையால் செய்தார். முட்டை தட்டிலிருந்து மடிக்கு வந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளி விழுந்தன. பேருந்து ஓட்டும்போது அந்த விரல் மட்டும் ஸ்டியரிங்கைத் தொடாமல் செங்குத்தாக நின்றது. எதிரே வந்தவர்களெல்லாம் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

“எதுக்கு இந்த ஊரு ஜனங்க இன்னிக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்காங்க?” என்றார்.

ஒலிமேசையின் பொறுப்பில் அன்று இருந்தவர் மிஸ் வெர்னெல். எழுபதைத் தாண்டியவர், முத்துமாலை போட்டிருந்தார், மிகவும் கனிவானவர். அந்தக் கனிவுதான் ஆபத்தாக முடிந்தது. முன்தினம் மூக்கால் அழுத்திய மனிதர் இவர் என்று தெரிந்து, இரக்கப்பட்டு, ஐஸ் போட்ட தேநீரை உயரமான கண்ணாடித் தம்ளரில் நிரப்பி வைத்திருந்தார். தம்ளரின் வெளிப்புறமெல்லாம் நீர் முத்து முத்தாக நின்றது.

நாங்கள் மெத்தையில் நிலைகொண்டுவிட்டோம். சியோமாராவின் கால் தலைக்குமேல் போய்விட்டது. டெல்பர்ட் வெல்வெட் பையைப் பல்லால் உருவி எறிந்தார். விரல் கைபேசிக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில் நின்றது. அப்போது மிஸ் வெர்னெல் தம்ளரை நீட்டினார்.

எங்கள் ஊர் ஆண்கள் ஒரு பெண்மணி கொடுக்கும் தேநீரை மறுக்கமாட்டார்கள். டெல்பர்ட் கண்ணை என்னைவிட்டு எடுக்காமல் இடது கையால் வாங்கிக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் தொப்பியைத் தூக்காமல் நன்றியும் சொல்லமாட்டார்கள். வலது கை காலியில்லை. ஆகவே தம்ளர் பிடித்த இடது கையாலேயே தொப்பியைத் தூக்கினார்.

“ரொம்ப நன்றி, மேடம்.”

தம்ளர் முழுவதும் அவர் தலையில் கவிழ்ந்தது. ஒரு சொட்டும் முன்பக்கம் விழாதபடி டெல்பர்ட் தலையை மட்டும் பின்னால் சாய்த்தார். ஐஸ் கட்டிகள் காலர் வழியாக முதுகுக்குள் இறங்குவதைத் தோள்கள் ஒவ்வொன்றாகத் துள்ளிக் காட்டின. எலுமிச்சை வில்லை ஒன்று நெற்றியில் ஒட்டிக்கொண்டது. விரல் மட்டும் அசையவில்லை. வில்லைக்குக் கீழே இரண்டு கண்களும் என் முகவாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்தேன். பக்கத்தில் யாரோ மூக்கால் சத்தம் போட்டார்கள். இனி தாமதித்தால் எல்லாரும் விழுந்து சிரிப்போம் என்று தெரிந்து முகவாயை இறக்கினேன்.

அவர் உதடுகள் அசைந்தன. ஏழு, எட்டு. அழுத்தினார். பாட்டு தொடங்கியது.

அந்த இரண்டரை நிமிடமும் நாங்கள் சிரித்தோம். கண்ணில் நீர் வரும் சிரிப்பு. பிரமிடு கட்டும்போது என் தோள் குலுங்கியது. “குலுக்காதடி, செத்துருவேன்” என்று மேலே நின்ற சியோமாரா கத்தினாள். கத்தியவளே அடுத்த கணம் கெக்கலித்தாள். அவளுக்குத்தான் ஒலிமேசை நன்றாகத் தெரிந்தது. எலுமிச்சை இன்னும் அங்கேயே இருந்ததாம். கீழே நாங்கள் அவளுடைய பாதங்களை இறுகப் பிடித்துக்கொண்டோம். அவள் விழவில்லை. யாருமே விழவில்லை. கடைசித் தாளத்தில் பதினாறு பேரும் ஒன்றாக நின்றோம். மூச்சு வாங்கவும் முடியவில்லை, சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை.

நடுவர் தாள் வந்தபோது டிரெஹோ மேடத்தால் படிக்க முடியவில்லை. அவர் கையில் அது அவ்வளவு ஆடியது. நான் வாங்கிப் படித்தேன். ‘முகபாவம்: முழு மதிப்பெண். இவ்வளவு இயல்பான மகிழ்ச்சியைப் பல வருடங்களாகக் கண்டதில்லை.’ இரண்டு நாள் கூட்டலில் நாங்கள் முதலிடம். இரண்டாமிடத்துக்கும் எங்களுக்கும் இடையே புள்ளி பூஜ்ஜியம் ஐந்து மதிப்பெண்தான் வித்தியாசம்.

தெருவைத் தாண்டி ஓடினோம். கோப்பை தண்ணீரில் விழுந்தது, எடுத்தோம், மறுபடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் டெல்பர்ட் ஈர மணலின் ஓரத்தில் நிற்கிறார். அலை வருகிறது, அவர் ஒரு அடி பின்வாங்குகிறார். அலை போகிறது, ஒரு அடி முன்னால் வருகிறார்.

“வாங்க, மிஸ்டர் டெல்பர்ட்! இப்போ நம்ம தண்ணி!” என்று சியோமாரா கூப்பிட்டாள்.

அவர் எண்ணினார். எட்டு முடிந்ததும் கைபேசியைக் கரையில் வைத்துவிட்டு, தொப்பி, சட்டை, கால்சட்டை, பூட்ஸ், கழுத்தில் ‘மற்றவை’ அட்டை எல்லாவற்றோடும் உள்ளே நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு என்று போய்க் கழுத்தளவில் நின்றார். வலது கை மட்டும் தண்ணீருக்கு மேலே நேராக நின்றது. அதன் உச்சியில் கட்டைவிரல். கரையில் இருந்த நூற்றுக்கணக்கான பேர் ஆரவாரத்தோடு பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

“போட்டி முடிஞ்சிருச்சு! கையைக் கீழே போடுங்க!” என்று டிரெஹோ மேடம் கத்தினார்.

“அதெப்படி மேடம்? வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இவளுங்க அந்தப் பாட்டைத்தானே போடச் சொல்லுவாளுங்க?”

அப்போது யாரோ எடுத்த படம் இப்போது எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. கழுத்தளவு கடல், நனைந்த தொப்பி, உயர்ந்த கட்டைவிரல். கீழே ‘வெற்றி!’ என்று எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் அது வந்து சேர்ந்தால், அடுத்தவருக்கு அனுப்பும்போது இந்தக் கதையையும் தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள். அவர் யாருக்கும் எதையும் காட்டவில்லை. விரலை நனையாமல் வைத்திருந்தார்.