நாலாவது முதலாம் இலக்கம்

நீங்கள் பொய்யர்கள். முகமூடி போட்ட அந்த வீரனின் படக்கதையை அச்சடித்து விற்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவனை வாசித்து வருகிறேன். விற்பனை விழுந்தால் நீங்கள் செய்வது ஒன்றுதான். அவனைக் கொன்று எங்களை அழ வைப்பீர்கள். பிறகு இதழின் இலக்கத்தை ஒன்றுக்குத் திருப்பி, மினுங்குகிற அட்டை போட்டு, புதிய தொடக்கம் என்பீர்கள். உள்ளே அதே ஆள், அதே சண்டை. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புத்தகம் விற்கிறவர் போன மாதமும் ஒன்றை நீட்டினார்.

"முதலாம் இலக்கம், நானா. புதுசு."

"நீங்க எனக்குத் தாற நாலாவது முதலாம் இலக்கம் இது."

"நமக்கு ஒருக்காத்தான் பொறப்பு. அவனுக்கு யாவாரம் விழுற நேரமெல்லாம் பொறப்பு."

சிரித்துக்கொண்டே வாங்கினேன். மகள் கேட்டிருந்தாள்.

மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய உம்மா மௌத்தாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. உம்மாவின் ஜனாஸாவைத் தூக்கும்போது மகள் கேற்றடியில் நின்றாள். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போவதில்லை. உம்மாவைக் கொண்டுபோனதை அவள் கண்டாள், மண் போட்டதைக் காணவில்லை.

அந்த வீரனை அடக்கியதை மட்டும் முழுதாகக் கண்டாள். மழை, குழி, பெட்டி, பெட்டியின் மேல் விழுகிற மண் என்று பக்கம் பக்கமாக வரைந்து காட்டியிருந்தீர்கள்.

புது இதழை வாசித்து முடித்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு குசினிக்குள் வந்தாள்.

"வாப்பா, இவன் திரும்பி வந்திட்டான்."

"அது கதை, மகள். காசுக்காகச் செய்யிற வேலை."

"இவன அடக்கினத நான் பார்த்தேன். அப்படியிருந்தும் வந்திட்டான். உம்மாவ அடக்கினத நான் பார்க்கவே இல்லையே."

கறிச்சட்டியை இறக்கி வைத்தேன்.

"நான் பார்த்தேன், மகள். நான்தான் கபுறுக்குள்ள இறங்கி வெச்சேன்."

"நீங்க சொல்றீங்க" என்றாள்.

அன்றிலிருந்து கேற்றுக்குக் கொளுக்கி போட அவள் விடுவதில்லை. தெருவில் திரிகிற ஆடு கேற்றைத் தள்ளினால் எழும்பி ஓடுகிறாள். ஆட்டைக் கண்டதும் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் உட்காருகிறாள்.

இப்போது அந்தச் சத்தத்துக்கு நானும் திரும்புகிறேன். என் கையால் மண் போட்டவன் நான். நேற்று கேற்று கிறீச்சிட்டபோது, "கொளுக்கியப் போட்டுட்டு வா" என்று முன்பு மனைவிக்குச் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் காலடி கேட்குமா என்று நின்றேன்.

உங்கள் இதழின் கடைசியில் வாசகர் கடிதத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. உங்களைப் புகழ்கிற கடிதங்களே அதில் வருகின்றன. அடுத்த இதழில் இதைப் போடுங்கள். அவனை எழுப்பியது சந்தைக்காகத்தான், உண்மையில் மௌத்தானவர் எவரும் திரும்பி வருவதில்லை என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். நான் சொல்லி என் மகள் நம்பவில்லை, உங்களை நம்புகிறாள். எல்லாரும் வாசிக்கிற அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.